மூன்றாம் எண் பல்

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சுகுணா பார்த்தது தன் முகத்தைத்தான். எட்டடி உயரம். ஆதார் அட்டைக்கு எடுத்த படத்தை எவனோ பெரிதாக்கி, தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம் வைத்து, பக்கத்தில் சடாமுடி முனிவர் ஒருவரையும் உட்கார வைத்திருந்தான். மேலே சிவப்பு எழுத்தில், 'ஐயாயிரத்து நூற்று இருபத்தேழு ஆண்டு ரத்த உறவு! விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது!' கீழே, 'புளியம்பள்ளம் பாண்டவர் முனி ஜீவசமாதியில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கம்பிவேலி, கதவு திறப்பு விழா. முதல் மரியாதை பெறுபவர்: முனியின் வாரிசு செல்வி சுகுணா.' எல்லாவற்றுக்கும் கீழே கைகூப்பி நின்றவர் விழாக்குழுத் தலைவர் ராஜாமணி. அவளுடைய சொந்தப் பெரியப்பா.

"என்ன முனி பேத்தி, டீ போடட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

சுகுணா பையிலிருந்து நோட்டை எடுத்து, நேரம் பார்த்து, 5.20 என்று எழுதினாள்.

எல்லாவற்றையும் எழுதி வைப்பது அவள் பழக்கம். பகலில் அரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை பாப்பிரெட்டிப்பட்டியில் தொல்லியல் பட்டய வகுப்பு. அகழாய்வுக் குழியில் வேலை செய்யும்போது நோட்டில் 'நேரம்', 'நடந்தது' என்று இரண்டு கட்டம் போட்டு எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். சுகுணா மூன்றாவதாக ஒரு கட்டம் தானே போட்டுக்கொண்டாள். அதன் தலைப்பு 'சந்தேகம்'. குழிக்கு வெளியிலும் அதே மூன்று கட்டம்தான். 'கடை ஷட்டரைப் பூட்டினேன். (பூட்டினேனா?)' 'அம்மாவிடம் அதட்டிப் பேசிவிட்டேன். (அதட்டலா, சத்தமா?)' வகுப்பில் கூடப் படிக்கும் குரு அதற்குச் சந்தேக டைரி என்றே பேர் வைத்துவிட்டான்.

இந்த வம்பு முழுவதும் அந்த மூன்றாவது கட்டத்தில்தான் ஆறு மாதமாகப் படுத்துக் கிடந்தது.

போன வைகாசியில் வகுப்புக்காரர்களை அகழாய்வுக்கு அழைத்துப் போனார்கள். இடம் சுகுணாவின் ஊரான புளியம்பள்ளத்தின் கோடியிலேயே, சித்தேரி மலை இறங்கி முடியும் மேட்டில். ஆள் உயரப் பாறைகள் வட்டமாகக் கிடக்கும். நடுவில் நாலு பலகைக்கல்லைப் பெட்டி மாதிரி நிறுத்தி மேலே ஒரு மூடிக்கல். ஊரார் பாண்டவர் கல் என்பார்கள். பெட்டிக்குள் பானைகள், துருப்பிடித்த இரும்பு, எலும்பு, பற்கள், ஒரு கைப்பிடிக் கரித்துண்டு. கரியை ஆய்வகத்தில் சோதித்ததில் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம், முன்னப்பின்ன நூறு வருஷம் இருக்கலாம் என்று வந்தது.

பெரியப்பாவுக்கு அந்த 'முன்னப்பின்ன' ஆகவே ஆகாது. துவாபர யுகம் முடிகிற அன்றைக்குச் சமாதியில் உட்கார்ந்த முனி அவர் என்பதில் ராஜாமணிக்கு எள்ளளவும் ஐயமில்லை. சாட்சிக்குப் பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தை விரித்துக் காட்டுவார்.

"கலி பொறந்து ஐயாயிரத்து நூத்தி இருபத்தேழாவது வருஷம் நடக்குது. அச்சடிச்சிருக்குது பாரு. வருஷா வருஷம் ஒன்னு கூடும், ஒரு நாள் பிசகாது. உங்க லேப்புக்காரன் முன்னப்பின்னங்கறான். முன்னப்பின்னன்னு சொல்றவன்கிட்ட எவனாச்சும் பொண்ணு குடுப்பானா?"

அன்றைக்குச் சுகுணா சந்தேகக் கட்டத்தில் எழுதி வைத்தாள்: 'தவறும் அளவைத் தானே சொல்லிக்கொள்ளும் கணக்கு நல்ல கணக்கா, மோசமான கணக்கா?'

அந்தக் கல்லுக்கு இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. கார்த்திகையில் சாமை அறுத்து முடித்ததும் சித்தேரி மலையிலிருந்து, நெல்லிக்காய் விற்க வரும் ராமக்காவின் குடும்பத்தார் இறங்கி வருவார்கள். மூடிக்கல்லின் மேல் ஒரு கைப்பிடி சாமையும், மலையோடையில் பொறுக்கிய ஒரு வெள்ளைக் கூழாங்கல்லும் வைத்துவிட்டுப் போவார்கள். குழி வெட்டுமுன் அந்தக் கற்களை எடுத்து எண்ணும் வேலை சுகுணாவுக்கு விழுந்தது. நானூற்றுப் பதினேழு. மறுபடி எண்ணினாள். நானூற்றுப் பதினேழு. நம்பிக்கை வராமல் மூன்றாம் தரமும் எண்ணிவிட்டுத்தான் எழுதினாள். தோண்டி முடிந்ததும் மூடிக்கல்லையும் அந்தக் கற்களையும் பழையபடி வைத்தார்கள்.

இனி அந்தப் பல்.

பழைய பற்களில் பழைய மனிதரின் டிஎன்ஏ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுப்பதற்குக் கையுறை, முகக்கவசம், புதுப் பொட்டலம் என்று ஆயிரம் சுத்தம். புதுக் கயிறு முழம் முழமாக இருக்கும். மண்ணில் இரண்டாயிரம் வருஷம் கிடந்த கயிறு தொட்டால் நுனி பிரிந்து விரற்கடை விரற்கடையாக உதிரும். டிஎன்ஏயும் அப்படித்தான் என்று வகுப்பில் சொன்னார்கள். நம் எச்சில் துளி பட்டால் போதும், உதிர்ந்த துண்டுகளுக்கு நடுவே நம் புதுக் கயிறு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சுகுணாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனாலும் அன்று மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. வியர்வையில் நனைந்த முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி விட்டிருந்தாள். பல்லை உள்ளங்கையில் எடுத்தாள். வேரிடுக்கில் செம்மண். அவள் வீட்டில் வறுத்த வேர்க்கடலையைக் கையில் கசக்கினால் அடுத்து என்ன செய்வார்கள்? உதட்டைக் குவித்து ஃபூ என்று தோலை ஊதுவார்கள். பிறந்ததிலிருந்து செய்வது. கை நினைத்ததா, வாய் நினைத்ததா தெரியாது, பல்லை ஊதிவிட்டாள். மண் பறந்தது. அந்த இடத்திலேயே எழுதினாள்: '2.40. பல் எண் 3. மண் போக ஊதினேன். முகக்கவசம் தாடையில். (சந்தேகம்: கெட்டுவிட்டதா? சொல்ல வேண்டுமா?)'

சொல்லவில்லை. சொன்னால் குழியை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

ஐப்பசியில் முடிவு வந்தது. தோண்டியவர்கள் எல்லோரின் எச்சிலையும் ஒப்பிட்டுப் பார்க்க முதலிலேயே வாங்கி அனுப்பியிருந்தார்கள். வகுப்பு எடுப்பவரும் அகழாய்வுக்குப் பொறுப்பானவருமான கலைவாணன் சார் போனில் கூப்பிட்டபோது சுகுணா இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கை ஈரமென்று ஸ்பீக்கரில் போட்டாள். "மூணாம் நம்பர் பல்லுல வந்த டிஎன்ஏ உன்னோடதோட அப்படியே ஒத்துப்போகுது சுகுணா" என்றார் சார். அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போவதற்குள் அவள் அம்மா அமுதவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டு பெரியப்பா வீட்டை நோக்கி ஓடிவிட்டாள். பல் கெட்டுப்போனது, முனியுடைய டிஎன்ஏ உறவு சொல்லும் அளவுக்குக் கிடைக்கவேயில்லை என்ற மிச்சக் கதையைக் கேட்க அடுப்படியில் சுகுணாவைத் தவிர ஆளில்லை. அதை அம்மாவிடம் அன்றிரவே சொன்னாள். "எல்லாம் இருக்கட்டும், ஒத்துப்போகுதுன்னு சொன்னாரா இல்லியா?" என்றாள் அம்மா.

அப்படித்தான் அவள் எட்டடி உயரத்துக்கு வளர்ந்தாள்.

பேனரைப் பார்த்த அன்று வகுப்பு முடிந்ததும் கலைவாணன் சார் முன்னால் போய் நின்றாள்.

"சார், பேனர் பாத்தீங்களா?"

"பாத்தேன். போட்டோ நல்லாத்தான் வந்திருக்குது." சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் நோட்டைப் பிரித்து, பல்லை ஊதியதை எழுதிய பக்கத்தைக் காட்டினாள். ஒரு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமாங்க சார்."

"சரி. முழு ரிப்போர்ட் வர ஒரு வருஷம் ஆவும். அதுல கலப்பு நடந்திருக்குதுன்னு ஒரு வரி போட்டுருவோம். பேரு வராது. நீ வாயத் தொறக்காத."

"ஞாயித்துக்கிழமை வேலிக்குக் கதவு போட்டுப் பூட்டறாங்க சார். விழா முடிஞ்சதும் பூட்டுத்தான். ரத்தமே எங்க வம்சந்தான்னு ஆயிருச்சு, மலைக்காரங்களுக்கு இங்க என்ன வேலைங்கறார் பெரியப்பா."

"பூட்டு நம்ம வேலை இல்ல."

"கல்லு எண்ணுனது நம்ம வேலைதானே சார்? நானூத்திப் பதினேழு. மலையோடைக் கல்லு. நம்ம குழி நோட்டுலயே இருக்குதுங்களே."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "யோசிச்சுப் பாரு. நீ எந்திரிச்சு நாந்தான் ஊதுனேன்னா, பல்லுல ஊதுனவங்க கரியில என்ன பண்ணுனாங்களோன்னு எவனாச்சும் கேப்பான். இரண்டாயிரத்து ஐந்நூறும் போயிரும். அடுத்த சீசனுக்கு உன் பேரை நான் எழுதவும் முடியாது."

அவர் சொன்னது பொய் இல்லை, அதுதான் கஷ்டம். பஸ்ஸில் வரும்போது அதை அப்படியே எழுதினாள். சந்தேகக் கட்டம் நிறைந்து ஓரத்துக்கும் போய்விட்டது. மூன்று வருஷமாக ஜெராக்ஸ் மெஷின் சூட்டில் நின்றபடி அவள் கனவு கண்டதே இந்தக் குழி வேலையைத்தான்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, பேனருக்குக் கீழேயே நெல்லிக்காய் மூட்டையோடு ராமக்கா உட்கார்ந்திருந்தாள். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். பேனரை முழுக்கப் படித்து முடித்திருந்தாள் போல.

"அதுக்குள்ள இருக்கறது எங்க ஆளுங்க. அவங்களுக்கு நீ பேத்தின்னா, எனக்கு நீ என்ன மொறை வேணும் புள்ள? மவளா, மருமவளா?"

"அக்கா, நீங்களுமா?"

"கேட்டுக்கிட்டா சீர் செய்யலாம்ல" என்று சிரித்தாள் ராமக்கா. பிறகு சிரிப்பு நின்றது. "சாமை அறுத்தாச்சு. ஞாயித்துக்கிழம எறங்கி வரோம். கதவு போட்டிருக்குதாம்."

"ஆமாங்கக்கா."

"தொறந்திருக்குமா?"

சுகுணா, வேறு பேச்சுக்குத் தாவுவதுபோல, "அக்கா, அந்தக் கல்லுக்கு எத்தன வருஷம் இருக்கும்னு உங்க ஆளுங்க சொல்லுவாங்க?" என்றாள்.

"அதெல்லாம் கேக்கக் கூடாது. கேட்டா, எவளோ கணக்குக் கேக்க வந்திருக்கறாளேன்னு அவங்க எந்திரிச்சு ஒக்காந்துக்குவாங்க." ராமக்கா இரண்டு நெல்லிக்காயை எடுத்து அவள் கையில் வைத்தாள். "நாங்க கேக்கறதில்ல. வெச்சுட்டுப் போறோம், அவ்வளவுதான். அதுக்கு எதுக்குப் பூட்டு?"

பெரியப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். ஆய்வகம் ஒரு கணக்கு வைத்திருந்தது. ராமக்காவிடம் கணக்கே இல்லை. மூன்று பேரில் யார் சொல்வது சரி என்று சுகுணாவிடம் கேட்டால் ஆய்வகம் என்பாள், சற்றுத் தயங்கி. ஆனால் வெளியே நிற்கப் போவது யார் என்று கேட்டால் தயங்கவே வேண்டியதில்லை. அதுவும் எதனால்? அவள் விட்ட ஒரு மூச்சால்.

ஞாயிறு காலை மேட்டில் ஷாமியானா, மேளம், மைக்செட். பாறை வட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி பளபளத்தது. கதவில் மாலை. ராஜாமணி புதுவேட்டியில் நின்றார். மேல்சட்டைப் பையில் ஒரு பெரிய பூட்டு பிதுங்கிக்கொண்டிருந்தது. அம்மா பட்டுப்புடவை. மைக்கில் பெரியப்பா கால்மணி நேரம் பேசினார். டிஎன்ஏ என்பதை நம் முன்னோர் கோத்திரம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள் என்றார். கைதட்டினார்கள். மாலையைப் போட்டு, "வாரிசு ரெண்டு வார்த்தை பேசும்" என்று மைக்கை அவளிடம் கொடுத்தார்.

சுகுணா நோட்டைப் பிரித்தாள். பார்க்காமல் பேச அவளுக்கு வராது.

"போன வைகாசி பதினாலாந்தேதி. மத்தியானம் ரெண்டு நாப்பது. பல் எண் மூணு. மண் போக ஊதினேன். முகக்கவசம் தாடையில." நிமிர்ந்தாள். "பல்லுல இருக்கறது முனியோட டிஎன்ஏ இல்லைங்க. என்னோடது. கடலைத் தோலை ஊதற மாதிரி ஊதிட்டேன். என் எச்சி பட்டிருச்சு. அதான் என்னோட ஒத்துப்போகுது. என்னோடது என்னோட ஒத்துப்போகாம யாரோட ஒத்துப்போகும்?"

பின்வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். மேளக்காரர் விழா முடிந்தது என்று நினைத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார்.

"கீழ எறங்குடி!" அம்மாவின் குரல்.

ராஜாமணி மைக்கைப் பிடுங்கவில்லை. அவர் லேசுப்பட்டவர் இல்லை. பக்கத்தில் வந்து அதே மைக்கில் குனிந்து, சாந்தமாகக் கேட்டார்: "ஏம்பாப்பா, குழியில எத்தன பேர் வேலை செஞ்சாங்க?"

"பதினொரு பேருங்க பெரியப்பா."

"பதினொரு பேருல உனக்கு மட்டும் ஏன் ஊதணும்னு தோணுச்சு? முனிதான் உன்னை ஊத வெச்சாரு!"

கைதட்டல் மேட்டையே தூக்கியது. சுகுணா இதற்கு எந்தக் கட்டத்திலும் பதில் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் பக்கத்தைப் புரட்டிய விரல் தானாக ஒரு எண்ணில் போய் நின்றது.

"சரிங்க பெரியப்பா. என்னைய ஒரு தடவை ஊத வெச்சாரு. மூடிக்கல்லு மேல நானூத்திப் பதினேழு கூழாங்கல்லு இருந்துச்சு. மூணு தடவை எண்ணுனேன். ஒன்னுகூட நம்ம ஊர்க் கல்லு இல்லை, அத்தனையும் மலையோடைக் கல்லு. வருஷத்துக்கு ஒன்னுன்னு மலையில இருந்து தூக்கிட்டு வர வெச்சது யாருங்க? அதுவும் முனிதானே? நம்ம ஊர்ல இருந்து ஒரு கல்லு வெச்சிருக்கமா?"

"அது... அவங்க வழக்கம்."

"வழக்கம்னு இருக்கறது அவங்களுக்குத்தான். நமக்கு இருக்கறது என் எச்சிதான்."

இந்த முறை சிரிப்பு பின்வரிசையோடு நிற்கவில்லை. ராஜாமணியின் முகம் கறுத்தது. "கரியில எதை ஊதுனீங்களோ! ரெண்டாயிரத்து ஐந்நூறும் பொய்யி!"

கலைவாணன் சார் சொன்னது சொன்னபடி வந்து நின்றது. அவள் எதிர்பார்த்ததுதான்.

"கரி வேற. அது எரிஞ்சு எத்தன நாள் ஆச்சுன்னுதான் பாப்பாங்க; என் எச்சி அதுல சேராது. அதை எடுக்கறப்ப யாரு நின்னா, எந்தப் பையில போட்டோம், எல்லாம் இதுல இருக்குது. நம்பலைன்னா இன்னொரு துண்டு மிச்சம் இருக்குது, வேற லேப்புக்கு அனுப்புங்க. நான் தப்புப் பண்ணுனது ஒரு பல்லுல. அதை நானே எழுதி வெச்சிருக்கறேன். உங்க பஞ்சாங்கத்துல தப்புன்னு ஒரு வரி உண்டுங்களா?"

மாலையைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். யாரும் பக்கத்தில் வரவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குரு மட்டும் ஷாமியானாக் கம்பத்துக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, பெரியப்பா பார்ப்பதற்குள் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அப்போதுதான் மலைப்பாதையில் அவர்கள் வருவது தெரிந்தது. ராமக்கா முன்னால், பின்னால் அவள் புருஷன் மாதப்பன், இன்னும் ஆறேழு பேர். இந்தக் கூச்சல் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ராமக்கா மடியில் ஒரு துணி முடிச்சு.

ராஜாமணி பையிலிருந்து பூட்டை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி வேகமாக நடந்தார். சுகுணா ஓடினாள். வேலிக்கதவு நிலையில், இரண்டு கம்பத்துக்கும் நடுவே, செம்மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள்.

"எந்திரி."

"பூட்டறதா இருந்தா பூட்டுங்க பெரியப்பா. நான் எழுதிக்கறேன். 11.35. பூட்டியது ராஜாமணி. வெளியில நின்னது எத்தன பேருன்னு எண்ணிச் சொல்லட்டுங்களா?"

"நாளைப்பின்ன எங்க வூட்டு வாசப்படி மிதிக்காத."

அதையும் எழுதினாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஷாமியானாவில் இருந்தவர்களும் எழுந்து வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுதுகிறவள் தலைக்கு மேலே அத்தனை பேர் முன்னால் கதவை இழுத்துச் சாத்துவது அவ்வளவு சுலபமில்லை போலும். பூட்டு அவர் கையிலேயே இருந்தது.

ராமக்கா வந்தாள். பூட்டைப் பார்த்தாள், உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளைச் சுற்றி உள்ளே போனாள். முடிச்சை அவிழ்த்து ஒரு கைப்பிடி சாமை எடுத்தாள். உள்ளங்கையில் பரப்பி, உதட்டைக் குவித்து, உமி போக ஃபூ என்று ஊதினாள். பிறகு மூடிக்கல்லின் மேல் வைத்தாள். மாதப்பன் வெள்ளைக்கல்லை வைத்தான்.

சுகுணாவின் பேனா அப்படியே நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. '11.50. ராமக்கா சாமையை ஊதி வைத்தார். கூழாங்கல் எண் 418' என்று எழுதினாள். சந்தேகக் கட்டத்தில்: 'இதுவரை இங்கே எத்தனை பேர் ஊதியிருப்பார்கள்? அடுத்த முறை எடுப்பவர்கள் மூடிக்கல்லிலிருந்தே கவனிக்க வேண்டும்.' அடுத்த முறை எடுப்பவர்களில் தான் இருக்கப் போவதில்லை என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. வரியை அடிக்காமல் விட்டுவிட்டாள்.

"எழுதி முடிச்சியா?" தலைக்கு மேல் பெரியப்பாவின் குரல். அவர் கையிலேயே பூட்டின் கொக்கி கிளிக்கென்றது.

"இல்லைங்க பெரியப்பா. இன்னும் நெறைய இருக்குது."

அடுத்த பக்கத்தைப் புரட்டி, அளவுகோலை வைத்து, பொறுமையாக மூன்று கட்டம் போட ஆரம்பித்தாள்.